கேட்டோர் தொகையும் இசைப்புலவர் தகுதியும்

கடந்த தைத் திங்களில் ஒரு மாலை, நம் கல்லூரி இயலிசை மன்றத்து அன்பர் பதின்மர் ஒருங்கு கூடினர். ஆண்டு விழாவில் இசைப்புலவர் ஒருவரைப் பற்றிப் பேசுதற்கு அரைமணி நேரம் ஒதுக்கப்பட்டிருந்தது. யாரைப் பற்றிப் பேசுவது என்பதே அன்றைய ஆராய்ச்சி. யாம் முத்துசாமி தீட்சிதர் பெயரை மொழிந்தோம். அவர் மணலியில் வாழ்ந்தவர் என்றும், திருத்தணிகையில் தம் முதற் கீர்த்தனத்தைப் பாடியவர் என்றும், ஆதலின் இந்நாட்டகத்து மாணவராகிய நமக்கு உரிமையுடையவர் என்றும் காரணங் கூறினோம். உடனே நண்பர் ஒருவர் தம் கைப்பேசியை எடுத்தார், யூடியூபைத் திறந்தார், தீட்சிதர் பெயரை இட்டார், பின்னர் அண்மையில் வெளிவந்த திரைப்பாடல் ஒன்றின் பெயரை இட்டார். இரண்டு எண்களையும் உரக்கப் படித்தார். அவையினர் நகைத்தனர். வழக்குத் தீர்ந்தது. அரைமணி நேரமும் திரைப்பாடலுக்குச் சென்றது.

தோற்றவர் எழுதும் கட்டுரை இஃது என்று அன்பர்கள் கருதலாம். யாம் அதனை மறுத்திலம். திரைப்பாடலின்பால் எமக்குப் பகையும் இல்லை. கும்மிடிப்பூண்டியிலிருந்து வரும் மின்தொடர் வண்டியில் யாமும் அதனைக் கேட்டுக்கொண்டுதான் வருகின்றோம். எம் மனத்தை வருத்தியது வேறொன்று. ஓர் எண்ணைக் காட்டியவுடனே ஆராய்ச்சி முடிந்துவிட்டது என்று பத்துப்பேர் கற்ற மாணவர் ஒப்பினரே, அதுவே. எத்துணைப் பேர் கேட்டனர் என்னும் வினாவும், எத்துணைப் பெரியவர் என்னும் வினாவும் ஒன்றா? ஒன்றல்ல என்பதே எம் துணிபு. அதனை நிறுவுதற்குத் தீட்சிதர் வரலாற்றினும் சிறந்த சான்று வேறு கிடைத்தல் அரிது.

முதற்கண், அவ்வெண் எதனை எண்ணுகின்றது என்று காண்போம். ஒரு காணொளி எத்தனை முறை திறக்கப்பட்டது என்பதனை அஃது எண்ணுகின்றது, அவ்வளவே. கருநாடக இசையில் கீர்த்தனம் பாடியவர் பெயரால் வெளிவருகின்றது. இயற்றியவர் பெயர் அடியில் சிற்றெழுத்தில் நிற்கும். பலபோது அதுவும் இராது. தீட்சிதர் என்னும் ஒரு பெயரையே ஆங்கில எழுத்தில் மூன்று நான்கு வகையாக எழுதுகின்றனர். ஒன்றைத் தேடினால் மற்றொன்று தப்பிப்போகின்றது. 'வாதாபி கணபதிம்' என்னும் கீர்த்தனத்தைக் கேட்டவருள் எத்துணைப் பேர் அது தீட்சிதருடையது என்று அறிவர்? அன்றியும், மிகுதியாகக் கேட்கப்பட்டதனையே மீண்டும் மீண்டும் நம்முன் கொணர்ந்து நிறுத்துதல் அக்கருவியின் இயல்பு. எண் எண்ணைப் பெறுகின்றது. கூட்டம் நிறைந்த கடையிலேயே மேலும் கூட்டம் சேர்தலைத் திருவள்ளூர்க் கடைத்தெருவில் காணாதார் யார்?

நிற்க. தீட்சிதர் யார்? திருவாரூரில் 1775-ஆம் ஆண்டில் தோன்றியவர். தந்தையார் இராமசாமி தீட்சிதர். அம்சத்வனி என்னும் இராகத்தை உலகிற்கு அளித்தவர் அவரே. சென்னையில் கும்பினியாரிடம் துபாசியாக இருந்த மணலி முத்துகிருஷ்ண முதலியார் இக்குடும்பத்தை ஆதரித்து மணலிக்கு அழைத்துவந்தார். அவர்க்குப்பின் அவர் மைந்தர் வேங்கடகிருஷ்ண முதலியாரும் அவ்வாறே பேணினார். மணலியிலிருந்துதான் இளைஞர் முத்துசாமி, சிதம்பரநாத யோகி என்னும் துறவியாரோடு காசிக்குச் சென்றார்; அங்கே ஆண்டுகள் சில தங்கி வடநாட்டு இசையின் நடையைக் கேட்டுணர்ந்து மீண்டார். மீண்டபின் திருத்தணிகைக்குச் சென்று மலைமேல் இருந்தார். முதியவர் ஒருவர் வந்து வாயைத் திறக்கச் சொல்லிக் கற்கண்டை இட்டு மறைந்தார் என்பது மரபினர் கூறும் வரலாறு. வரலாற்றை நம்புவார் நம்புக. அவ்விடத்தே பிறந்த கீர்த்தனம் இன்றும் இருக்கின்றது. அது மாயாமாளவகௌளை இராகத்தில் அமைந்தது. இசை கற்கப்புகும் குழந்தை சரளிவரிசையை முதன்முதல் பயில்வதும் அவ்விராகத்திலேதான்.

தமிழ் சிறப்பு வகுப்பில் பயிலும் எம்மை மிகவும் ஈர்த்தது மற்றொரு செய்தி. அம்முதற் கீர்த்தனம் எழுவாய் வேற்றுமையில் அமைந்தது. அதனைத் தொடர்ந்து குருகுகனைக் குறித்தே இரண்டாம் வேற்றுமை, மூன்றாம் வேற்றுமை என விளி ஈறாக எட்டு வேற்றுமைக்கும் கீர்த்தனங்கள் செய்தார். குருகுக என்பதே அவர்தம் முத்திரையாயிற்று. ஐ, ஆல், கு என்று வேற்றுமை உருபுகளை வகுப்பறையில் நெட்டுருச் செய்து களைத்த எமக்கு, ஒருவர் இலக்கண வாய்பாட்டையே இசையாகப் பாடினார் என்று கேட்டபோது உண்டான வியப்புச் சிறிதன்று. வடமொழி வேற்றுமை அது. எனினும் எட்டு என்னும் கணக்கு நமக்கும் ஒன்றே அன்றோ! பின்னாளில் திருவாரூர்க் கமலாம்பாள்மீது பாடிய நவாவரணக் கீர்த்தனங்களிலும் அவர் இம்முறையையே கையாண்டார்.

இனி மணலி. இன்று மணலி என்றால் நம் நினைவிற்கு வருவது யாது? எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கியும், அதன் உச்சியில் இரவெல்லாம் எரியும் தீயும், உர ஆலையும், கொள்கலன் ஏற்றிய லாரிகள் நெடுக நிற்கும் சாலையுமே. 1965-இல் நிறுவப்பெற்ற அவ்வாலை 1969-இல் இயங்கத் தொடங்கியது. அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்னர் அவ்வூர் வளமனை ஒன்றில் வீணையும் பிடிலும் ஒலித்தன. மணலி முதலியார் புனித ஜார்ஜ் கோட்டைக்குச் செல்லும்போது தீட்சிதர் உடன்பிறந்தாரும் உடன் செல்வர். அங்கே ஆங்கிலேயர் பாண்டு வாத்தியத்தைக் கேட்பர். இளையவர் பாலுசாமி தீட்சிதர்க்குப் பிடில்மேல் வேட்கை பிறந்தது. முதலியார் ஐரோப்பிய ஆசிரியர் ஒருவரை அமர்த்திக் கற்பித்தார். அவ்வயல்நாட்டுக் கருவியில் நம் இராகங்களை வாசிக்கும் முறையை வகுத்த முன்னோடி பாலுசாமியாரே. இன்று பிடில் இல்லாத கச்சேரி உண்டா? திருமணப் பந்தலில் நிகழும் சிறு கச்சேரிக்கும் முதலில் தேடப்படும் பக்கவாத்தியம் அதுவன்றோ? அதன் வேர் ஆலைப்புகை சூழ்ந்த நம் மணலியில் கிடக்கின்றது. அவ்வூர் வழியே நாள்தோறும் சிப்காட்டு ஆலைகளுக்குப் பணிக்குச் செல்வார் ஆயிரவர்க்கு இதனைச் சொல்வார் ஒருவரும் இலர்.

அப்பாண்டு மெட்டுக்களைக் கொண்டு முத்துசாமி தீட்சிதர் ஏறத்தாழ நாற்பது சிறு பாடல்கள் புனைந்தார். நோட்டுசுர சாகித்தியம் என்பது அவற்றின் பெயர். ஆங்கில அரசரை வாழ்த்தும் நாட்டுப்பாடலின் மெட்டிலேயே அமைந்த பாடலும் அவற்றுள் ஒன்று. இவை குழந்தைகள் பாடுதற்கு எளியன, கேட்டற்கும் இனியன. ஆதலின் இணையத்தில் தீட்சிதர் பெயரைத் தேடுவார்க்கு இவை விரைந்து எதிர்ப்படுகின்றன. யாமே அவரை முதன்முதல் அறிந்தது இவ்வாறுதான். திருக்கோயில் ஆலயமணியும் ஆர்மோனியமுமாக வளர்ந்த எமக்கு, ஞாயிற்றுக்கிழமைப் பாடல் போன்ற ஒரு மெட்டு வடமொழிச் சொற்களோடு வந்து காதில் விழுந்தது புதுமையாயிருந்தது. அது குற்றமன்று. ஆனால் ஒருவர் ஓய்வுப்பொழுதில் செய்த விளையாட்டுப் பொருளைக் கண்டு அவர் கட்டிய மாளிகையை அளந்துவிட்டதாகக் கருதுதல் தகுமா?

மாளிகை எது என்று கேட்பீராயின் கூறுதும். பதினேழாம் நூற்றாண்டில் வேங்கடமகி எழுபத்திரண்டு மேளங்களை வகுத்தார். அவ்வகுப்பைத் தழுவிய மரபில் நின்று, ஏட்டளவில் நின்ற இராகங்களுக்குத் தீட்சிதர் உருவம் கொடுத்தார். இன்று சில இராகங்கள் எவ்வாறு இருந்தன என்று அறிதற்கு அவர் கீர்த்தனம் ஒன்றன்றி வேறு சான்று இல்லை. சொற்களை இழந்த மொழிக்கு ஒரே ஒரு செய்யுள் எஞ்சி நிற்பது போன்ற நிலை அது. மேலும், தஞ்சை நால்வர் எனப்படும் பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய உடன்பிறந்தார் அவரிடம் இசை பயின்றவர்கள். அலாரிப்பு முதல் தில்லானா ஈறாக இன்று மேடைகளில் ஆடப்பெறும் சதிரின் முறைவைப்பு அந்நால்வர் செய்தது. ஆக, பரதநாட்டியம் பயிலும் சிறுமியொருத்தி, தீட்சிதர் பெயரை ஒருநாளும் கேளாதவளாயினும், அவர் மாணாக்கர் வகுத்த வழியிலேயே காலெடுத்து வைக்கின்றாள். இதனை எந்த எண் எண்ணும்?

இஃது ஒருபுறம் இருக்க, எம் நண்பர்க்கு யாம் சொல்ல விரும்புவது இதுவே: 1835-இலும் ஒருவர் எண்ணிப் பார்த்திருப்பாராயின் தீட்சிதர் தோற்றிருப்பார். அவ்வாண்டுத் தீபாவளி நாளில் எட்டயபுரத்தில் அவர் உயிர் நீத்தார். தியாகராசர்க்கு மாணாக்கர் மிகப் பலர். அவர்கள் உமையாள்புரத்திலும் தில்லைத்தானத்திலும் வாலாசாப்பேட்டையிலும் இருந்து அவர் கிருதிகளைப் பரப்பினர். (மின்தொடர் வண்டி நிற்கும் திருவொற்றியூரோடு தொடர்புடைய வீணை குப்பையரும் அவர் மாணாக்கரே. அவர் வர்ணங்களைப் பாடிப் பழகுவார் பலர் அவர் பெயரை அறியார், அது தனிக்கதை.) தீட்சிதர்க்கோ மாணாக்கர் சிலரே. அவர் பாடல்கள் காலம் தாழ்த்து நடப்பன; வடமொழிச் சொற்செறிவு மிக்கன; எளிதில் வாயில் புகாதன. குடும்பத்தாரிடையேயும் நெருங்கிய வழியினரிடையேயுமே பெரும்பாலும் அவை தங்கின. அக்குடும்பம் அற்றிருப்பின் அவையும் அற்றிருக்கும்.

அற்றுப்போகாமல் காத்தவர் இருவர். ஒருவர் பாலுசாமி தீட்சிதர்க்குப் பெயரராய்ப் பிறந்து மகன்மை கொள்ளப்பட்ட சுப்பராம தீட்சிதர், எட்டயபுரம் அரசவைப் புலவர். அவர் 1906-இல் மறைந்தபோது, அவ்வூரிற் பிறந்த பாரதியார் இரங்கற்பா இயற்றினார். மற்றவர் சின்னசாமி முதலியார். இவரைப் பற்றிச் சிறிது நின்று பேச விரும்புகின்றோம். ஏனெனில் இவரைப் பற்றிப் பேசுவார் இலர். இவர் கிறித்தவர், எம்.ஏ. பட்டம் பெற்றவர், சென்னை அரசுச் செயலகத்தில் அலுவல் பார்த்தவர். நம் கீர்த்தனங்களை ஐரோப்பிய இசைக்குறியில் எழுதி வைத்தால் அவை உலகெங்கும் படிக்கப்பெறும், அழியவும் மாட்டா என்று எண்ணினார். வித்துவான்களைத் தேடிச்சென்று பாடச்சொல்லிக் கேட்டுக் கேட்டு எழுதினார். 1893-ஐ ஒட்டி அந்நூலைப் பகுதி பகுதியாக அச்சிட்டார். கைப்பொருள் கரைந்தது. கண்ணொளி மங்கியது. தம்மால் இனி இயலாது என்று கண்டபோது, சுப்பராம தீட்சிதரிடம் இருப்பதனையெல்லாம் அச்சேற்றுமாறு எட்டயபுரத்து அரசரை வேண்டினார். அவ்வேண்டுகோளின் பயனே 1904-இல் தெலுங்கெழுத்தில் வெளிவந்த 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்னும் பெருநூல். முத்துசாமி தீட்சிதர் கீர்த்தனங்கள் 229 அதனுள் சுரக்குறிப்போடு உள்ளன. அந்நூல் வெளிவருமுன்னரே முதலியார் உலகை நீத்தார்.

ஓர் எழுத்தர். மாதச்சம்பளக்காரர். வேற்றுச் சமயத்தார் கோயிற் பாடல்களுக்காகத் தம் கண்ணைக் கொடுத்தவர். அக்காலத்தில் யாரேனும் அவரிடம் சென்று, "ஐயா, இப்பாடல்களை எத்துணைப் பேர் கேட்கின்றனர்?" என்று வினவியிருப்பின் அவர் என்ன விடை கூறியிருப்பார்? கேட்போர் அருகி வருதலினாலன்றோ அவர் எழுதவே தொடங்கினார்!

பின்னர் நிகழ்ந்தது யாவரும் அறிந்தது. சுப்பராம தீட்சிதர் மைந்தர் அம்பி தீட்சிதர் சென்னைக்கு வந்து கற்பித்தார். நீதிபதி டி. எல். வேங்கடராம ஐயர் அவரிடம் கற்றுப் பிறர்க்கும் கற்பித்தார். டி. கே. பட்டம்மாள் அம்பி தீட்சிதரிடம் பாடம் கேட்டு மேடைதோறும் பாடினார். ஒரு தலைமுறைக்குள் தீட்சிதர் இல்லாத கச்சேரி இல்லை என்னும் நிலை வந்தது. பாடல்கள் மாறவில்லை, ஓர் எழுத்தும் கூடவில்லை. தொகை மட்டும் மாறிற்று. தகுதி தொகையைப் பொறுத்ததாயின், 1890-இல் சிறியவராயிருந்தவர் 1940-இல் எவ்வாறு பெரியவரானார்?

மேனாட்டிலும் இதனையொத்த செய்தி உண்டு. பாக் என்னும் செருமானிய இசைப்புலவர் 1750-இல் இறந்தபின் அவர்தம் பெரும்பாடல்கள் பொதுமக்கள் செவிக்கு எட்டாமல் மாணாக்கர் கையேடுகளிலேயே தங்கின. 1829-இல் பெர்லின் நகரில் மெண்டல்சோன் என்பார், மத்தேயு எழுதிய சுவிசேடத்தைப் பாடும் அவருடைய பெரும்படைப்பை அரங்கேற்றி அவரை மீட்டார். அப்போது மெண்டல்சோனுக்கு வயது இருபது. எம்மினும் ஓராண்டே மூத்தவர் என்று நினைக்கும்போது எமக்குச் சிறிது நாணமாக இருக்கின்றது.

எதிர்ப்பக்கத்தார் கூற்றையும் யாம் புறக்கணித்திலம். கேளாத இசை இசையோ என்று எம் நண்பர் வினவினார். அவ்வினாவில் உண்மை பாதி உண்டு. ஏட்டில் கிடக்கும் சுரம் ஊமை; ஒருவர் வாயில் புகுந்தாலன்றி அதற்கு உயிரில்லை. இணையத்தைப் பழிக்கவும் எமக்கு வாயில்லை. கும்மிடிப்பூண்டியில் சபை ஏது? தந்தையார் இருப்புருக்காலையில் இரவுமுறை முடித்து வந்து உறங்கும் வீட்டில், காதிற் கருவியை மாட்டிக்கொண்டு, பட்டம்மாள் பாடிய கீர்த்தனத்தை யாம் கேட்டது அக்கைப்பேசியினாலேயே. பணமும் குலமும் பழக்கமும் இருந்தாலன்றிப் புகவியலாத இசையரங்குகளின் கதவை அது எம்போன்றார்க்குத் திறந்துவிட்டது. கதவைத் திறந்த காவலாளனுக்கு நன்றி கூறுவோம். உள்ளே யார் பெரியவர் என்று அவனையே கேட்டுத் தெளிதல் வேண்டுமோ என்பதே எம் ஐயம்.

தமிழ் மாணவர் பலர் எழுப்பும் மற்றொரு தடையும் உண்டு. அவர் பாடியது வடமொழி, நமக்கென்ன? இத்தடை வன்மையுடையது. பொருள் விளங்காத பாடல்களையே திரும்பத் திரும்பப் பாடும் வித்துவான்களைப் பாரதியார் கடிந்தெழுதினார். 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் எழுந்ததும் இக்குறைபற்றியே. முத்துத்தாண்டவரும் மாரிமுத்தாப் பிள்ளையும் அருணாசலக் கவிராயரும் தீட்சிதர்க்கு முற்பட்டவர்கள். கீர்த்தன வடிவத்தைத் தமிழில் முன்னரே வளர்த்தவர்கள். அவர்களைப் பற்றி அரைமணி நேரம் பேசுவோம் என்று எவரேனும் முன்வந்திருப்பின் யாம் மகிழ்ந்து வழிவிட்டிருப்போம். ஆனால் நண்பர்கள் தீட்சிதரை விலக்கியது தமிழ் பற்றியன்று, தொகை பற்றி. அத்தொகைக் கோலால் அளப்பின் முத்துத்தாண்டவர் தீட்சிதர்க்கும் பின்னே சென்று நிற்பார். தமிழிசையின் பெயரால் தீட்சிதரை மறுப்பவரும் அக்கோலை ஒடித்தேயாதல் வேண்டும். இல்லையேல் தாம் காக்க எண்ணியவரையே முதலில் இழப்பர். தீட்சிதர் தாமும் தமிழ் விரவிய மணிப்பிரவாளக் கீர்த்தனங்கள் சில செய்தனர் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

அங்ஙனமாயின் எக்கோலால் அளப்பது? எமக்குத் தோன்றுவதைக் கூறுகின்றோம், மூத்தோர் திருத்துக. ஒருவரை வரலாற்றினின்று எடுத்துவிட்டால் அவரோடு வேறு எவையெவை போகும் என்று பார்த்தல் வேண்டும். மணலிக் குடும்பத்தை எடுத்துவிடுக: பிடில் வேறு வழியாக வந்திருக்கலாம், வாராதும் போயிருக்கலாம், இராகங்கள் சில போகும், தஞ்சை நால்வர் கற்ற கல்வியில் ஒரு பெரும்பங்கு போகும். சின்னசாமி முதலியாரை எடுத்துவிடுக: ஒருவேளை 229 கீர்த்தனங்களும் போகும். திரைப்பாடலை எடுத்துவிட்டால் என்ன போகும் என்று யாம் கேட்கப்போவதில்லை. அதற்குக் காலம் இன்னும் விடை கூறவில்லை. ஐம்பது ஆண்டு கழித்து அதுவும் பெரிதெனத் தோன்றலாம்.

எம் மன்றத்தார்க்கு ஒரு விண்ணப்பம் செய்துகொண்டுள்ளோம். ஆடித் திங்களில் வரும் புதன்கிழமைக் கூட்டத்தில் அரைமணி நேரம் எமக்குத் தரல் வேண்டும் என்பது அது. பேசவிருப்பது தீட்சிதரைப் பற்றி மட்டுமன்று. சின்னசாமி முதலியாரைப் பற்றியுமாம். அதற்குமுன் ஒருநாள் திருத்தணிகைக்கும், ஒருநாள் மணலிக்கும் சென்றுவர எண்ணியுள்ளோம். உடன்வர விரும்புவார் திருவொற்றியூர் நிலையத்தில் எம்மோடு சேரலாம். செயலாளர் இசைந்துவிட்டார். எண்களை உரக்கப் படித்த நண்பரும் வருவதாகச் சொல்லியிருக்கின்றார். அவர் தம் கைப்பேசியை மறவாது கொண்டுவருக. பாடலைக் கேட்பிப்பதற்கு எம்மிடம் வேறு கருவி இல்லை.